'டிடிஎஸ் 15 தான் சார்!': டிஸ்டில்டு வாட்டர், ஆர்.ஓ. தண்ணீர் குடித்தால் உடம்புக்கு என்ன ஆகும்?

ஆர்.ஓ. மெஷின் விற்க வருபவர் காட்டும் அந்த டெமோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இரண்டு டம்ளர். ஒன்றில் உங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் அவர் கொண்டுவந்த ஆர்.ஓ. தண்ணீர். இரண்டிலும் கம்பிகள் வைத்த ஒரு கருவியை இறக்கி சுவிட்சைப் போடுவார். ஒரே நிமிடத்தில் குழாய்த் தண்ணீர் பழுப்பாகி, பச்சையாகி, சேறு மாதிரி திரண்டுவிடும். ஆர்.ஓ. தண்ணீர் அப்படியே பளிங்கு மாதிரி நிற்கும். "இதைத்தான் சார் இத்தனை நாளா குழந்தைக்குக் கொடுத்துட்டு இருந்தீங்க" என்பார்.

அந்தச் சேறு தண்ணீரில் இருந்து வந்தது இல்லை. கம்பியில் இருந்து வந்தது. தண்ணீரில் உப்புகள் கரைந்திருந்தால் மின்சாரம் பாயும். மின்சாரம் பாய்ந்தால் இரும்புக் கம்பி கரைந்து துரு நிறத்தில் திரளும். ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு கிட்டத்தட்ட இல்லை, மின்சாரம் பாயாது, அதனால் ஒன்றும் நடக்காது. அந்த நல்ல டம்ளரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டுத் திரும்பச் செய்யச் சொல்லிப் பாருங்கள். அதுவும் சேறாகிவிடும்.

இந்த டெமோ ஒரு பக்கம். இன்னொரு பக்கம், இதற்கு நேர் எதிரான வாட்ஸ்அப் ஃபார்வர்டு: "டிஸ்டில்டு வாட்டர் விஷம், எலும்பில் இருக்கும் கால்சியத்தை உறிஞ்சி எடுத்துவிடும்." ஒரே குடும்பக் குழுவில் காலையில் ஒன்றும் மாலையில் இன்னொன்றும் வருகிறது. இரண்டில் எது சரி? எண்களை வைத்துப் பார்க்கலாம்.

டிஸ்டில்டு வாட்டரும் ஆர்.ஓ.வும் ஒன்றா?

தயாரிக்கும் முறை வேறு, விளைவு கிட்டத்தட்ட ஒன்று. டிஸ்டில்டு வாட்டர் என்றால் தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆவியைப் பிடித்துக் குளிர வைத்து எடுப்பது. கரைந்திருந்த உப்பும் தாதுக்களும் அடியில் தங்கிவிடும். கிருமிகளும் போய்விடும். ஆனால் தண்ணீரைப் போலவே எளிதில் ஆவியாகக்கூடிய சில ரசாயனங்கள் ஆவியோடு சேர்ந்தே வந்துவிடலாம். ஆர்.ஓ.வில் கொதிக்க வைப்பது இல்லை. மிக நுண்ணிய சவ்வு ஒன்றின் வழியாகத் தண்ணீரை அழுத்தித் தள்ளுகிறார்கள். நன்றாக வேலை செய்யும் சவ்வு, கரைந்திருக்கும் உப்பில் 90 சதவீதத்துக்கும் மேல் நீக்கிவிடும்.

இந்தியாவில் டிஸ்டில்டு வாட்டரை யாரும் தினமும் குடிப்பதில்லை. அது இன்வெர்ட்டருக்கு ஊற்ற, ஆய்வகத்துக்கு, ஆஸ்பத்திரிக்கு. ஆனால் லிட்டருக்கு 15, 20 மில்லிகிராம் மட்டுமே உப்பு இருக்கும் ஆர்.ஓ. தண்ணீரை ஆண்டுக்கணக்காகக் குடிப்பவர்கள் ஏராளம். ஆகவே 'டிஸ்டில்டு வாட்டர் குடிக்கலாமா' என்ற கேள்வி, நம் ஊரில் உண்மையில் ஆர்.ஓ. பற்றிய கேள்விதான்.

குடித்தால் விஷமா?

இல்லை. முதலில் அந்த பயத்தை எடுத்துவிடலாம்.

சுத்தமான நீரில் ரத்த சிவப்பணுக்களைப் போட்டால் அவை உப்பி வெடிக்கும். உண்மைதான். அதனால்தான் உப்போ குளுக்கோஸோ கலக்காத வெறும் நீரை நேரடியாக நரம்பில் ஏற்றுவது இல்லை. ஆனால் நீங்கள் குடிக்கும் தண்ணீர் நேராக ரத்தத்துக்குப் போவதில்லை. வயிற்றுக்குப் போய், அங்கிருக்கும் அமிலத்தோடும் சாப்பாட்டோடும் கலக்கிறது. குடல் அதை மெதுவாக உறிஞ்சுகிறது. உடம்பில் உப்பின் அளவைச் சிறுநீரகம் பார்த்துக்கொள்கிறது. ஒரு டம்ளர் டிஸ்டில்டு வாட்டருக்கும் ஒரு டம்ளர் குழாய்த் தண்ணீருக்கும் அந்த இடத்தில் பெரிய வித்தியாசம் இல்லை.

கப்பல்களில் கடல்நீரைக் காய்ச்சி வடித்துத்தான் தலைமுறை தலைமுறையாக மாலுமிகள் குடித்திருக்கிறார்கள். மழைநீரும் இயற்கையே வடித்துக் கொடுக்கும் நீர்தான். ராஜஸ்தானின் தார் பாலைவனத்தில் 'டாங்கா' என்ற நிலத்தடித் தொட்டிகளில் மழைநீரைச் சேமித்துக் குடிப்பது பழைய வழக்கம். (பழைய டாங்காக்களின் உட்சுவர் சுண்ணாம்புப் பூச்சு. சேமித்த நீரில் அதிலிருந்து கொஞ்சம் கால்சியமும் கரையும்.)

"வியர்வை அதிகமாகப் போகிறவர்கள் ஆர்.ஓ. தண்ணீர் குடித்தால் சோடியம் இறங்கி மயங்கிவிடுவார்கள்" என்றும் சொல்கிறார்கள். வியர்வையில் லிட்டருக்குத் தோராயமாக 1 கிராம் சோடியம் போகிறது. சாதாரண குழாய்த் தண்ணீரில் லிட்டருக்குச் சில பத்து மில்லிகிராம்தான் இருக்கும். அதாவது எந்தத் தண்ணீரைக் குடித்தாலும் போன சோடியம் திரும்பாது. வெயிலில் கட்டட வேலை செய்பவருக்குத் தேவை உப்புப் போட்ட மோர், கஞ்சி, ஓ.ஆர்.எஸ்.; வேறு பிராண்டு தண்ணீர் இல்லை.

அப்போ பிரச்னையே இல்லையா?

இருக்கிறது. ஆனால் அது ஒரு டம்ளரில் தெரியாது, ஆண்டுகளில்தான் தெரியும். அதுவும் எல்லாருக்கும் ஒரே மாதிரி இல்லை.

கணக்கைப் பாருங்கள். குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500. அதில் விரும்பத்தக்க வரம்பாகச் சொல்லப்பட்டிருப்பது லிட்டருக்குக் கால்சியம் 75 மில்லிகிராம், மக்னீசியம் 30 மில்லிகிராம். இப்படிப்பட்ட தண்ணீரை ஒரு நாளைக்கு இரண்டரை லிட்டர் குடித்தால் சுமார் 187 மில்லிகிராம் கால்சியமும் 75 மில்லிகிராம் மக்னீசியமும் கிடைக்கும். இதே நீரை 95 சதவீதம் உப்பு நீக்கும் ஆர்.ஓ.வில் விட்டால் மிஞ்சுவது சுமார் 9 மில்லிகிராம் கால்சியம், 4 மில்லிகிராம் மக்னீசியம்.

இது பெரிய இழப்பா? இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலும் ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-ல் வெளியிட்ட பரிந்துரைப்படி ஒருவருக்கு நாளொன்றுக்குக் கால்சியம் 1,000 மில்லிகிராம் தேவை. மக்னீசியம் ஆணுக்கு 440, பெண்ணுக்கு 370. அப்படியென்றால் நல்ல கடினத்தன்மை உள்ள தண்ணீர் உங்கள் தேவையில் ஆறில் ஒரு பங்கு முதல் ஐந்தில் ஒரு பங்கு வரை சத்தமில்லாமல் கொடுத்துக்கொண்டிருந்தது. ஆர்.ஓ. போட்ட அன்றைக்கு அது நின்றுவிட்டது.

தினமும் பால், தயிர், கேழ்வரகு, கீரை, பருப்பு, கடலை சாப்பிடும் வீட்டுக்கு இது பெரிதாக வலிக்காது. ஒரு டம்ளர் பசும்பாலிலேயே 200 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. 50 கிராம் கேழ்வரகு மாவில் கிட்டத்தட்ட 180. ஆனால் தீட்டிய வெள்ளை அரிசியில் 100 கிராமுக்கு 10 மில்லிகிராம்கூடக் கிடையாது. அரிசி, கொஞ்சம் குழம்பு, ஒரு டீ என்று நாளை ஓட்டும் குடும்பத்துக்குத் தண்ணீரில் இருந்து வந்த அந்த 187 மில்லிகிராம் சின்ன விஷயம் இல்லை. தண்ணீரின் தாதுக்கள் யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்கு அதை ஈடுகட்ட வேறு வழி குறைவு என்பதுதான் இந்த எண்கள் சொல்லும் சங்கடமான செய்தி. ஊர் நடுவில் வைத்திருக்கும் 20 லிட்டர் கேன் பிளான்ட்டில் தண்ணீர் பிடிப்பவர்களும் பெரும்பாலும் அவர்கள்தான்.

இன்னொன்றும் உண்டு, பலர் கவனிக்காதது. தாது இல்லாத நீரில் காய்கறி, பருப்பு, தானியங்களை வேகவைத்து நீரை வடித்துவிட்டால், அவற்றில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் 60 சதவீதம் வரைகூடப் போய்விடலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2005-ல் வெளியிட்ட தொகுப்பு ஒன்று சொல்கிறது. கடின நீரில் சமைத்தால் இழப்பு மிகக் குறைவு. குடிக்க ஆர்.ஓ., சமைக்க குழாய்த் தண்ணீர் என்று வைத்திருக்கும் வீடுகள் தெரியாமலேயே நல்ல காரியம் செய்கின்றன. குழாய்த் தண்ணீர் பாதுகாப்பானது என்றால், அதாவது.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

மேலே சொன்ன தொகுப்பில் செக் குடியரசின் தேசிய பொது சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த ஃபிரான்டிசெக் கோசிசெக் எழுதிய அத்தியாயம்தான் இந்த விஷயத்தில் உலகம் முழுக்க அதிகம் மேற்கோள் காட்டப்படுவது. 2000-க்குப் பிறகு செக், ஸ்லோவாக்கியா நாடுகளில் வீட்டு ஆர்.ஓ. கருவிகள் பரவியபோது, சில வாரங்களிலும் மாதங்களிலும் சோர்வு, தசைப்பிடிப்பு, இதயத் துடிப்புக் கோளாறு என்று சிலர் மருத்துவரிடம் வந்ததையும், அவை மக்னீசியம் குறைபாட்டின் அறிகுறிகளை ஒத்திருந்ததையும் அவர் குறிப்பிடுகிறார். 1980-ல் உலக சுகாதார நிறுவனத்துக்காகத் தயாரான ஓர் அறிக்கை, உப்பு நீக்கிய குடிநீரில் குறைந்தபட்சம் லிட்டருக்கு 100 மில்லிகிராம் கரைந்த உப்பும், 30 மில்லிகிராம் கால்சியமும் இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதற்கு அடிப்படை, எலிகளிலும் சில தன்னார்வலர்களிடமும் சோவியத் ஆய்வாளர்கள் செய்த சோதனைகள். பழைய, சிறிய ஆய்வுகள். அதையும் சேர்த்தேதான் எடைபோட வேண்டும்.

கொஞ்சம் வலுவான பக்கம் மக்னீசியமும் இதயமும். குடிநீரில் மக்னீசியம் அதிகம் இருக்கும் பகுதிகளில் இதய நோயால் ஏற்படும் மரணங்கள் குறைவாக இருப்பதைப் பல நாடுகளின் தரவுகள் காட்டியுள்ளன. இஸ்ரேல் ஒரு நல்ல உதாரணம். அங்கே குடிநீரின் பெரும்பகுதி கடலில் இருந்து வருகிறது. உப்பு நீக்கிய பிறகு சுண்ணாம்புக்கல் வழியாகக் கால்சியத்தைத் திரும்பச் சேர்க்கிறார்கள், மக்னீசியத்தைச் சேர்ப்பதில்லை. கடல்நீர் வரத் தொடங்கிய பகுதிகளில் இதய நோய் ஆபத்து கூடியிருப்பதாக அங்கே வெளியான ஆய்வுகள் கூறின. இது ஒரு தொடர்பு மட்டுமே. அதுதான் காரணம் என்று இன்னும் நிரூபணமாகவில்லை. ஆனால் சென்னையில் மீஞ்சூர், நெம்மேலி என்று கடல்நீரை நம்பத் தொடங்கியிருக்கும் நாமும் கவனிக்க வேண்டிய தொடர்பு.

சிறுநீரகக் கல் பற்றி ஒரு வார்த்தை. "டிடிஎஸ் அதிகம், அதனால்தான் கல் வருது" என்பது விற்பனையாளர்களின் நிரந்தர வசனம். கடின நீர் கல்லை உண்டாக்குகிறது என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. கல்லுக்குப் பெரிய காரணங்களில் ஒன்று தண்ணீரே குறைவாகக் குடிப்பது. உணவோடு சேரும் கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைப் பிடித்துக்கொள்வதால் அது ஒருவகையில் நல்லதுதான். ஏற்கெனவே கல் இருப்பவர்கள், சிறுநீரக நோயாளிகள் மருத்துவர் சொல்வதைக் கேளுங்கள், இந்தக் கட்டுரையை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

டிடிஎஸ் மீட்டர் சொல்லாத விஷயம்

இப்போது மெயின் மேட்டருக்கு வரலாம். டிடிஎஸ் என்பது தண்ணீரில் கரைந்திருக்கும் எல்லாவற்றின் மொத்த எடை. மார்க்கர் பேனா சைஸில் இருக்கும் அந்த மீட்டர், அதைக்கூட நேரடியாக அளப்பதில்லை. மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்று பார்த்து ஒரு தோராய எண்ணைக் காட்டுகிறது. கால்சியமும் அதே எண்ணில்தான் இருக்கிறது, நைட்ரேட்டும் அதே எண்ணில்தான்.

ஆர்செனிக்கை எடுத்துக்கொள்ளுங்கள். இந்திய வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். உங்கள் போர்வெல்லில் வரம்பைப் போல ஐந்து மடங்கு ஆர்செனிக் இருந்தாலும் அது 0.05 மில்லிகிராம். மீட்டரில் அது ஒரு புள்ளியைக்கூட அசைக்காது. ஃப்ளோரைடு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. 4 இருந்தால் பல்லும் எலும்பும் பாழ். மீட்டருக்கு அந்த வித்தியாசம் வெறும் இரண்டரை புள்ளி. பாக்டீரியாவை அது பார்க்கவே பார்க்காது. டிடிஎஸ் 120 காட்டும் சாக்கடை கலந்த குழாய் நீர் உங்களை ஆஸ்பத்திரியில் படுக்க வைக்கும், டிடிஎஸ் 600 காட்டும் சுத்தமான கிணற்று நீர் ஒன்றும் செய்யாது.

ஐ.எஸ். 10500-ல் டிடிஎஸ்ஸுக்கு விரும்பத்தக்க வரம்பு 500. வேறு நீர் ஆதாரம் இல்லாத இடத்தில் 2,000 வரை அனுமதி. கீழ் வரம்பு எதுவும் கிடையாது. உலக சுகாதார நிறுவனம் டிடிஎஸ்ஸுக்கு ஆரோக்கிய அடிப்படையில் வரம்பே நிர்ணயிக்கவில்லை. 600-க்குக் கீழ் சுவை நன்றாக இருக்கும், 1,000-க்கு மேல் குடிக்கவே பிடிக்காது, மிகக் குறைந்தால் சப்பென்று இருக்கும் என்று சுவையை வைத்துத்தான் பேசுகிறது.

2019 மே மாதம் தேசிய பசுமைத் தீர்ப்பாயம், டிடிஎஸ் 500-க்குக் குறைவாக இருக்கும் இடங்களில் ஆர்.ஓ.வைத் தடை செய்ய மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கு உத்தரவிட்டது. தாது நீக்கிய நீரின் பாதிப்புகளை மக்களுக்குச் சொல்ல வேண்டும் என்றும் கூறியது. கருவி தயாரிப்பாளர்களின் சங்கம் உச்ச நீதிமன்றம் போனது. தண்ணீர் வீணாவதுதான் தீர்ப்பாயத்தின் முக்கியக் கவலை, வீட்டு ஆர்.ஓ.க்கள் ஒரு லிட்டர் தருவதற்குள் இரண்டு, மூன்று லிட்டரைச் சாக்கடைக்கு அனுப்புவது சாதாரணம். அந்தக் கவலை நியாயம். ஆனால் 500 என்ற ஒற்றை எண்ணை வைத்து முடிவெடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. பிகாரின் கங்கைக் கரையில் டிடிஎஸ் 350 இருக்கும் ஓர் அடிபம்பில் ஆர்செனிக் இருந்தால், அந்த வீட்டுக்கு வடிகட்டி தேவைதான்.

ஆர்.ஓ. யாருக்குத் தேவை?

ஆர்செனிக், ஃப்ளோரைடு, நைட்ரேட், யுரேனியம், அல்லது வாயில் வைக்க முடியாத உப்பு. இவற்றில் ஏதாவது இருந்தால் தயங்க வேண்டாம். கொதிக்க வைப்பது இவற்றுக்கு உதவாது. நீர் வற்றுவதால் அடர்த்தி இன்னும் கூடும். தெலங்கானாவின் நல்கொண்டாவில் ஃப்ளோரைடால் எலும்பு வளைந்து, நடை இழந்த தலைமுறைகள் இருக்கின்றன. அங்கே போய் 'தாது போய்விடும், ஆர்.ஓ. வேண்டாம்' என்று சொல்வது அபத்தம். அதே சமயம் கால்சியம் குறைந்த உணவு ஃப்ளோரோசிஸை இன்னும் மோசமாக்கும். ஆகவே அந்த ஊர்களில் ஃப்ளோரைடு இல்லாத தண்ணீரும் வேண்டும், பாலும் முட்டையும் கேழ்வரகும் சேர்ந்தே வேண்டும்.

பிரச்னை கிருமி மட்டும் என்றால் யு.வி. வடிகட்டியோ, நன்றாகக் கொதிக்க வைத்த நீரோ போதும். யு.வி.யில் தாதுக்கள் அப்படியே இருக்கும், தண்ணீரும் வீணாகாது.

ஏற்கெனவே ஆர்.ஓ. இருந்தால் அதில் 'டிடிஎஸ் கன்ட்ரோலர்' என்ற சின்ன திருகு இருக்கலாம். அதைத் திருப்பினால் எண் 20-ல் இருந்து 100-க்கு ஏறும். நல்லதுதானே? கவனம். பல மெஷின்களில் அந்தத் திருகு செய்வது, ஆர்.ஓ. சவ்வைத் தொடாத தண்ணீரில் கொஞ்சத்தைத் திரும்பக் கலப்பது. உங்கள் தண்ணீரில் ஆர்செனிக்கோ ஃப்ளோரைடோ இருந்தால் அதுவும் கூடவே திரும்பி வரும். வெறும் உப்புத் தண்ணீர் என்றால் 100-க்கு மேல் ஏற்றி வைப்பதில் தவறில்லை. 'மினரல் கார்ட்ரிட்ஜ்' வேறு. அது வெளியிலிருந்து தாது சேர்க்கிறது, எவ்வளவு என்பது பிராண்டைப் பொறுத்தது. கால்சியம், மக்னீசியம் எத்தனை மில்லிகிராம் என்று கேளுங்கள். "மினரல் இருக்கு சார்" என்பது பதில் இல்லை.

பாட்டில் தண்ணீருக்கு இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019-ல் கொண்டுவந்த திருத்தம் லிட்டருக்குக் கால்சியம் 20 முதல் 75, மக்னீசியம் 10 முதல் 30 மில்லிகிராம் என்று கீழ் வரம்பையும் சேர்த்தே சொன்னது. வீட்டு மெஷினுக்கும் இதை ஒரு அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்.

தாது குறைந்த நீர் உலோகத்தை அரிக்கும் குணமும் கொண்டது. ஆர்.ஓ. தண்ணீரைச் செம்புப் பானையில் இரவெல்லாம் ஊற வைத்துக் குடிப்பதைவிட எவர்சில்வர் அல்லது கண்ணாடிப் பாத்திரம் பாதுகாப்பு.

பெட்ரோல் பங்க்கில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டர் கேன்? அதைக் குடிக்கவே கூடாது. பேட்டரிக்கான நீருக்குத் தனித் தரம் உண்டு, ஐ.எஸ். 1069, அது பேட்டரி கெடாமல் இருக்கப் போட்ட தரம், உங்கள் வயிற்றுக்காக அல்ல. கேனில் இருப்பது பல நேரம் காய்ச்சி வடித்ததே இல்லை, ரெசின் வழியாக உப்பு நீக்கியது. ரெசின் கிருமியை நீக்காது. கேனும் உணவுக்கான பிளாஸ்டிக்காக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

மெஷின் வாங்கும் முன் தண்ணீரைச் சோதியுங்கள். ஜல் ஜீவன் மிஷனின் கீழ் மாவட்ட அளவில் இயங்கும் அரசு நீர்ப் பரிசோதனை ஆய்வகங்களில் பொதுமக்களும் குறைந்த கட்டணத்தில் மாதிரியைக் கொடுக்கலாம். போகும்போது டிடிஎஸ் மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். ஃப்ளோரைடு, நைட்ரேட், ஆர்செனிக், மொத்தக் கடினத்தன்மை, கோலிஃபார்ம் ஆகிய ஐந்தையும் எழுதிக் கொடுங்கள். கோலிஃபார்ம் சோதனைக்கு மட்டும் கிருமிநீக்கம் செய்த பாட்டில் வேண்டும்; அதை ஆய்வகத்திலேயே கேட்டு வாங்கி, தண்ணீர் பிடித்த அன்றே கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.